மான்சனீட்டாவுக்கு எழுபத்தொரு ஓட்டு

எங்கள் குடியிருப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நிர்வாகத்துக்கு வக்கீல் இருக்கிறார், எனக்கு இல்லை. அபுதாபியின் ஓரத்தில், முசஃபா பட்டறைகளிலிருந்து இருபது நிமிடக் கார் தூரத்தில், எண்பத்து நான்கு வில்லாக்கள் கொண்ட இடம் என்று தெரிந்தால் போதும்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் முதல் வாக்கியம் இது: "புவியின் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, குடியிருப்பில் உள்ள அனைத்துச் செடி கொடிகளும் அகற்றப்பட்டு, குடியிருப்பு பசுமையாக்கப்படும்."

இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அப்படித்தான் இருந்தது.

அகற்றிய இடத்தில், கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்டதும், வறட்சியைத் தாங்குவதும், ஆண்டு முழுவதும் பசுமை மாறாததுமான மான்சனீட்டா என்னும் புதர்ச்செடி நடப்படும் என்றும், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள் விமானத்தில் வந்துகொண்டிருக்கின்றன என்றும் மேலும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து: சீதாராமன், நீடித்த வளர்ச்சி மேலாளர்.

இந்தச் சீதாராமன் டிசம்பர் வரை எங்கள் பார்க்கிங் மேலாளர். ஜனவரியில் மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, நீடித்த வளர்ச்சிக்கு மாறினார். வேலையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. முன்பு ஸ்டிக்கர் இல்லாத காரை அப்புறப்படுத்துவார். இப்போது பட்டியலில் இல்லாத செடியை அப்புறப்படுத்தினார்.

மான்சனீட்டா என்ற யோசனை அவருடையதல்ல. அதைக் கொண்டுவந்தவர் குடியிருப்போர் குழுத் தலைவர் ரகுநாதன். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் பெரிய பதவி. மகள் சம்யுக்தாவைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போனவர், அங்கே யாரோ வீட்டு வாசலில் இந்தச் செடியைப் பார்த்திருக்கிறார். திருப்பதியில் ஜருகண்டி சொல்லாமல் கால் மணி நேரம் நிற்கவிட்டால் எப்படித் திரும்புவோமோ அப்படித் திரும்பி வந்தார்.

"பட்டை செவசெவன்னு இருக்குதுங்க. தொட்டா பட்டு மாதிரி. ஸ்பானிஷ்ல மான்சனீட்டான்னா குட்டி ஆப்பிள். குட்டிக் குட்டியா ஆப்பிள் காய்க்குமுங்க" என்றார் கூட்டத்தில். ஆப்பிள் என்றதும் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் முதல் வாரம் பிடுங்கல் தொடங்கியது. என் வீட்டு வாசலில் ஐந்து வயதுக் கறிவேப்பிலை மரம் இருந்தது. என் மனைவி நளினி அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இதுவும் வறட்சியைத் தாங்கும் சார்" என்றாள் சீதாராமனிடம்.

"சர்ட்டிபிகேட் இருக்கா மேடம்?"

"அஞ்சு வருஷமா உயிரோட நிக்குதே."

"அது செடி சொல்றது மேடம். எனக்கு டாகுமென்ட் வேணும்."

கறிவேப்பிலையிடம் டாகுமென்ட் இல்லை. அன்று மாலை அது போய்விட்டது.

பிடுங்கியவர் பன்னீர்செல்வம். எங்கள் தோட்டக்காரர். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம். நாற்பத்தைந்து வயது, பதினோரு வருட கல்ஃப். முசஃபா கேம்பில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தார். தோட்டத்தில் இருந்த அத்தனையையும் வைத்தவர் அவரே என்பதால், பிடுங்குவதற்கும் அவரே தகுதியானவர் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

செடிகள் வந்து இறங்கிய அன்று சீதாராமன் அவருக்குப் பயிற்சி அளித்தார். பயிற்சி என் வாசலில் நடந்ததால் முழுதும் கேட்டேன்.

"பேரு என்ன, சொல்லு பார்ப்போம்?"

"மஞ்சணத்தி சார்."

"மான்சனீட்டா. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் டேக் இருக்கு, ஸ்கேன் பண்ற கோடு இருக்கு. தினமும் போன்ல அப்டேட் பண்ணணும். டிரிப் பைப்பையெல்லாம் எடுத்துடு."

"எடுத்துட்டா தண்ணி எப்படிங்க சார் விடறது?"

"விடக் கூடாது. வறட்சியைத் தாங்கற செடிய்யா."

"வேர் பிடிக்கிற வரைக்கும் எந்தச் செடிக்கும் ஊத்தணும் சார். ஒரு வருசமாச்சும் கண்ணா பாத்துக்கணும். அப்புறம் அதுவே தாங்கும்."

"ஒரு வருஷம் தண்ணி ஊத்தினா அது வறட்சியைத் தாங்குதுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?"

பன்னீர்செல்வம் என்னைப் பார்த்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு ஏதோ அவசரம்போல் காருக்குப் போனேன். மறுநாள் சுற்றறிக்கை எண் இரண்டு வந்தது: "மான்சனீட்டாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது, அச்செடியின் தகுதியைச் சந்தேகிக்கும் செயலாகக் கருதப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும்."

ஏப்ரலில் இலைகள் ஓரம் கருகின. மே மாதம் கருகாத ஓரமே இல்லை. இந்தச் செடி எங்கோ குளிர்ந்த மலைச்சரிவில், மாரிக்கால மழையைக் குடித்துவிட்டுக் கோடையில் சும்மா இருக்கும் செடி. அதை உப்பு மணலில் நட்டு, நாற்பத்தேழு டிகிரியில் நிறுத்தி, தாங்கு என்று உத்தரவு போட்டால் அது என்ன செய்யும்? பன்னீர்செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. வீடுகளின் பின்புறம் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துச் சில செடிகளுக்கு ஊற்றிப் பார்த்தார்.

"ஊத்தாததும் சாகுது, ஊத்தினதும் அழுகிச் சாகுது சார். அதுக்கு இந்த மண்ணே ஆகல" என்றார் என்னிடம்.

ஜூன் மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டில் பச்சையாக மிஞ்சியவை ஒன்பது. பன்னீர்செல்வம் சீதாராமனிடம் போய்ச் சொன்னார். அப்போது அலுவலகத்தில் நானும் இருந்தேன், என் ஏ.சி. புகாருக்காகப் பதினேழாவது முறையாகப் போயிருந்தேன்.

"செடியெல்லாம் காஞ்சுபோச்சு சார்."

"போன்ல அப்டேட் பண்ணியா?"

"அதுல நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு, பிரமாதமா இருக்குன்னு மூணுதான் சார் இருக்கு. காஞ்சதுன்னு போட எடமில்ல."

"எப்படி இருக்கும்? பசுமை மாறாச் செடின்னு சொல்லித்தானே வாங்கினோம். நீ என்ன போட்ட?"

"நல்லா இருக்குன்னு போட்டேன் சார். மூணுல அதான் கம்மி."

"கரெக்ட். அப்ப நல்லாத்தான் இருக்கு."

பன்னீர்செல்வம் நகரவில்லை. லீவு பேச வந்திருந்தார். அவர் மனைவி ராக்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், வருடக் கடைசிக்கு மேல் தள்ளக் கூடாது என்று தஞ்சாவூர் மருத்துவர் சொல்லியிருந்தார். "நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் படுப்பேன்" என்று அந்த அம்மாள் பிடிவாதம். அதனால் பன்னீர்செல்வத்துக்கு டிசம்பரில் லீவு வேண்டும்.

சீதாராமன் கோப்பைப் புரட்டினார். "வேர்பிடிப்புச் சான்றிதழ் வரணும். முந்நூத்திப் பன்னிரண்டும் உயிரோட இருக்குன்னு நவம்பர்ல இன்ஸ்பெக்ஷன். ஒண்ணு குறைஞ்சாலும் பொறுப்புத் தோட்டக்காரர். அது முடியாம லீவு மாஃபி, கிடையாது."

"செத்ததுக்கு நான் எங்க சார் போவேன்?"

"செத்துதுன்னு யாரு சொன்னா? நீதானே நல்லா இருக்குன்னு அப்டேட் பண்ணிருக்க?"

பன்னீர்செல்வம் வெளியே போனார். எனக்கும் என் ஏ.சி. பற்றிப் பேசுவதில் ஆர்வம் போய்விட்டது.

பன்னீர்செல்வத்தின் அறைத்தோழர் சுஐபு. காயல்பட்டினத்துக்காரர், முசஃபாவுக்கு அடுத்த ஒரு நர்சரியில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் அவரைப் பார்க்கப் போன பன்னீர்செல்வம், நர்சரியின் பின்பக்கம் வரிசை வரிசையாகத் தொட்டிகள் கிடப்பதைக் கண்டார். ஒல்லி இலை, மினுமினுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு. ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"சுஐபு பாய், இது விராலில்ல?"

"இங்க டோடோனியாம்பாங்க. ஒரு காலத்துல வேலிக்கு இதைத்தான் கேப்பாங்க. இப்ப எல்லாரும் மான்சனீட்டா, மான்சனீட்டாங்குறாங்க. நாளைக்கு லாரி வருது, எல்லாத்தையும் குப்பையில கொட்டச் சொல்லிட்டாரு மொதலாளி."

விராலிமலைப் பக்கம் பிறந்தவருக்கு விராலியைச் சொல்லித்தர வேண்டுமா? மழையில்லாத வருடத்திலும் பச்சையாக நிற்கும். ஆடு வாய் வைக்காது. வெட்டினால் மறுபடி தழைக்கும். பட்டைகூட கொஞ்சம் செம்பழுப்பாக உரியும். மறுநாள், சுஐபு சொல்லிவைத்தபடி, லாரி குப்பைமேட்டுக்குப் போகும் வழியில் எங்கள் குடியிருப்பின் பின்வாசலில் தொட்டிகளை இறக்கிவிட்டுப் போனது.

அதன் பிறகு நடந்ததைத் தயவுசெய்து திருட்டு என்றோ சதி என்றோ நினைக்காதீர்கள். எல்லாம் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. செப்டம்பர் பாதியிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகம் மூடிய பிறகு, வெயில் சாய்ந்ததும், பன்னீர்செல்வம் காய்ந்த மான்சனீட்டாக் குச்சிகளில் முப்பது நாற்பதைப் பிடுங்கி, விராலியை நட்டு, அதே நம்பர் டேக்கை அதே இடத்தில் கட்டினார். குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள். பெண்மணிகள் நடைப்பயிற்சி போனார்கள். ரகுநாதனே ஒருமுறை தாண்டிப் போகும்போது "வெரி குட், நல்லாக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் செடியைப் பார்க்கிற ஆள் எண்பத்து நான்கு வீட்டிலும் ஒருவர் இல்லாததால், எதையும் ஒளிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நான்கூட நளினி சொல்லித்தான் கவனித்தேன். கேட்டதும் பன்னீர்செல்வம் மறைக்காமல் சொன்னார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க சார்" என்றார். ஏ.சி. தண்ணீர் பிடிக்க என் வீட்டு வாளியையும் கொடுத்தேன். சுற்றறிக்கையில் தண்ணீர் என்பது "மீட்டர் வழியாக வருவது" என்று இருந்ததால் ஏ.சி. சொட்டு சட்டப்படி தண்ணீர் ஆகாது என்று அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். அந்த வருடம் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நவம்பர் இன்ஸ்பெக்ஷனுக்கு ஓர் ஆலோசகர் வந்தார். தாவரவியல் படித்தவர் என்றார்கள். தொப்பி, நான்கு பாக்கெட் வைத்த சட்டை. கலிபோர்னியாவில் மான்சனீட்டா இலை தடித்து, முட்டை வடிவமாக, சாம்பல் பூத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே இலை ஒல்லியாக, நீளமாக, பளபளவென்று இருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னீர்செல்வத்துக்கு வியர்த்துவிட்டது.

"ஆச்சரியம்!" என்றார் ஆலோசகர் கடைசியில். "வெப்பத்துக்கு ஏற்ப இலை குறுகியிருக்கிறது. எட்டே மாதத்தில்!"

இன்னொரு செடியில் காய் பிடித்திருந்தது. விராலிக்காய் ஆப்பிள்போல் இருக்காது. காகிதம்போல் மூன்று இறக்கையோடு சிவந்து தொங்கும். அதைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவர் சீதாராமனைக் கட்டிக்கொள்ளாத குறை. அறிக்கை அடுத்த வாரமே வந்தது. பாலைக் காற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டு, மான்சனீட்டாவின் ஆப்பிள்களுக்கு இறக்கை முளைத்திருப்பதாக அதில் கண்டிருந்தது.

அதன்பின் கேட்கவா வேண்டும்! வேர்பிடிப்புச் சான்றிதழ் வந்தது. ஒரு விருது வந்தது. அக்கம்பக்கத்து மூன்று குடியிருப்புகள் தங்கள் தோட்டங்களை அவசரமாகப் பிடுங்கத் தொடங்கின. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் இறக்கை முளைத்த ஆப்பிளோடு படம் போட்டார்கள். ஒரு வீட்டில் அதைப் போட்டு கேக் செய்தார்கள். சாப்பிட்டவர்கள், சற்றே கசப்பாக இருந்தாலும் உடம்புக்கு மிகவும் நல்லது என்று எழுதினார்கள்.

டிசம்பர் முதல் தேதி பன்னீர்செல்வம் சான்றிதழின் நகலோடு அலுவலகம் போனார்.

"இப்ப எப்படிய்யா லீவு?" என்றார் சீதாராமன். "பிப்ரவரில தோஹாவிலேர்ந்து குழு வருது. மான்சனீட்டாவை வளர்க்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். நீ இப்ப முக்கியப் பணியாளர். உன்னை விட்டுட்டு ஏதாவது ஆனா?"

"ஒண்ணும் ஆகாது சார். அது தானா நிக்கும்."

"நிபுணர்னா இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க. மார்ச்ல பார்க்கலாம்."

அன்று சாயங்காலம் பன்னீர்செல்வம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். ராக்கம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்திருந்தது. நளினி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லிடப் போறேன் சார். விராலின்னு தெரிஞ்சா நான் ஒண்ணும் நிபுணன் இல்லன்னு விட்ருவாங்கல்ல? வேலைய விட்டுத் தூக்கினாலும் ஊருக்குத்தானே அனுப்பணும்?"

"சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். குச்சிகளைப் பிடுங்கியது, தொட்டிகள் வந்தது, வெள்ளிக்கிழமைகள், எல்லாம். "இது எங்க ஊர்ல அடுப்பெரிக்கிற விராலிங்க. யாரு வேணா பாத்துக்கலாம். என்னை அனுப்பி வையுங்க" என்று கைகூப்பினார்.

பின்வரிசையில் ஒரு பெண் செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலியைத் திறந்து, "டோடோனியான்னுதான் காட்டுது" என்றாள்.

ரகுநாதன் எழுந்தார். "மேடம், அந்த ஆப் இலவசமுங்களா?"

"ஆமா."

"அதானுங்க."

ஆனாலும் விஷயம் தீவிரமானதுதான். விராலி என்றால் விருதைத் திருப்ப வேண்டும். ஆலோசகர் தொப்பியைக் கழற்ற வேண்டும். சீதாராமன் பார்க்கிங்குக்குத் திரும்ப வேண்டும். படம் போட்ட நாங்கள் எல்லோரும் படத்தை அழிக்க வேண்டும். கேக் தின்றவர்களின் நிலைமை தனி. ஆகவே, தோட்டத்தில் உள்ள செடி என்ன செடி என்பதை ஜனநாயக முறையில் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று.

"இது மான்சனீட்டாதான்னு நம்பறவங்க கை தூக்குங்க" என்றார் ரகுநாதன்.

எழுபத்தாறு பேர் வந்திருந்தோம். கைகள் எழும்பின. பக்கத்து வில்லாக்காரர் தூக்கினார், எதிர் வில்லாக்காரர் தூக்கினார். பன்னீர்செல்வம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஏ.சி. புகார் நிலுவையில் இருந்தது. வில்லா ஒப்பந்தம் ஜனவரியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. என் கை தானாக மேலே போனதை நானே ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பக்கத்தில் நளினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மான்சனீட்டாவுக்கு ஆதரவாக எழுபத்தொன்று. எதிராக மூன்று. நடுநிலை இரண்டு. எதிர்த்த மூவரில் ஒருவர், தான் முதுகைச் சொறியவே கையைத் தூக்கியதாக மறுநாள் எழுத்து மூலம் தெரிவித்தார்.

செடியின் நிலை தீர்ந்தது. பன்னீர்செல்வத்தின் நிலை பாக்கி. மான்சனீட்டாவை விராலி என்று சொல்கிறவருக்கு மனச்சோர்வு முற்றியிருக்க வேண்டும் என்று சீதாராமன் கருத்துத் தெரிவித்தார். அப்படிப்பட்டவரை வேலை வாங்குவது தொழிலாளர் நலனுக்கு எதிரானது என்றும், இரண்டு மாதம் முழு ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்றும் ரகுநாதன் பரிந்துரைத்தார். ஒரே நிபந்தனை: போகும்முன் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்தில் உள்ளவை மான்சனீட்டாவே என்று மனப்பூர்வமாக அறிவதாக அதில் தட்டச்சு செய்திருந்தது.

பன்னீர்செல்வம் தாளைப் படிக்கக்கூட இல்லை. "எங்க சார் போடணும்?" என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை விமானம் ஏறினார்.

ராக்கம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடி நடந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று பரிசோதனையில் வந்தது. இரண்டு மாதமும் சமைத்துப் போட்டுவிட்டு, பிப்ரவரியில் பன்னீர்செல்வம் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவருக்காக ஒரு பதவி காத்திருந்தது: மான்சனீட்டா மேற்பார்வையாளர். காலர் வைத்த சட்டை, வாக்கிடாக்கி. என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வாரம் புது ஆள் ஒருவர் தோட்ட வேலைக்கு வந்தார். வீரபாண்டி என்று பெயர், திண்டுக்கல் நத்தம் பக்கம். ஐம்பது வயதிருக்கும். என் வாசலில் நின்று ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"அண்ணே, இது விராலில்ல?"

பன்னீர்செல்வம் முகத்தை இறுக்கிக்கொண்டார். "யாருய்யா சொன்னது? இது மான்சனீட்டா. கலிபோர்னியா. வேணும்னா சாரைக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மான்சனீட்டாதான்" என்றேன்.

வீரபாண்டி அப்படியே குந்திவிட்டார். இலையைத் தடவினார், காயைத் தடவினார். படித்தவர் ஒருவர் சொன்னபிறகு அவருக்குச் சந்தேகமே இல்லை.

"சார், எங்க ஊருக் கரடு பூரா இதுதான் சார் கெடக்கு! மான்சனீட்டான்னு தெரியாம வெட்டி வெட்டி அடுப்பெரிக்கிறானுக, முட்டாப் பயலுக!"

பன்னீர்செல்வம் வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெருமூச்சு விட்டார்.

"அதனாலதான்யா நம்ம ஊரு முன்னேறாமக் கெடக்கு."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.